உடைந்த வளையம் ஏன் சேர மறுக்கிறது?

அன்புள்ள ஐயா,

என் 11 வயது மகள் பழைய ஒலிபெருக்கி ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த வளையக் காந்தத்தை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அது கீழே விழுந்து இரண்டாக உடைந்துவிட்டது. ஒட்டித் தரலாம் என்று உடைந்த விளிம்புகளைப் பொருத்தினால் துண்டுகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. "நேற்றுவரை ஒன்றாகத்தானே இருந்தன, இன்றைக்கு ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்கிறாள். காந்தம் கெட்டுவிட்டது என்று சொல்லிவைத்தேன். அவளும் மூன்று வயதுத் தம்பியும் விளையாடச் சிறு நியோடிமியம் காந்தங்கள் வாங்கலாம் என்றிருக்கிறேன். காந்தங்களின் வகைகளைப் பட்டியலாகத் தர முடியுமா? காந்தக் கைவளை இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்பது உண்மையா?

ம.

அன்புள்ள ம.,

கைவளையை முதலில் முடித்துவிடுகிறேன். இரத்தத்தில் உள்ள இரும்பு, ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுக்களாகக் கட்டுண்டு கிடக்கிறது. ஆணியில் உள்ள இரும்பின் குணம் அதற்குக் கிடையாது. ஆக்சிஜன் ஏற்ற இரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை, மிக மிக மெலிதாக விலக்கவே செய்கிறது. அந்தக் கைவளைக்குப் பணம் செலவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் உண்மையான கேள்வி ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கேட்டவள் உங்கள் மகள். அவள் வயதில் நானும் அப்படியொரு வளையத்தை உடைத்தேன். துண்டுகளைப் பொருத்தி நூலால் இறுக்கிக் கட்டிவைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் கட்டு நெகிழ்ந்து, ஒரு துண்டு குப்புறப் புரண்டு மற்றதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் காட்டினேன். உடைந்த காந்தம் கெட்ட காந்தம் என்று சொல்லிக் குப்பைக் கூடையில் போட்டார். இருபது வயது தாண்டும்வரை அதை நம்பியிருந்தேன். இரும்பாணி ஏன் தானாகவே காந்தமாக இருப்பதில்லை என்று சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. அதே வாக்கியத்தை நீங்களும் சொன்னதாகப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாமே! தெரியாது என்ற சொல் குழந்தையின் கேள்வியை உயிரோடு விட்டுவைக்கிறது, கெட்டுவிட்டது என்ற சொல் அதைக் கொன்றுவிடுகிறது.

காந்தம் கெடவில்லை. ஒலிபெருக்கி வளையத்தின் முனைகள் அதன் தட்டையான இரு முகங்களில் இருக்கின்றன. மேல்முகம் வடமுனை என்றால் கீழ்முகம் தென்முனை. மேலிருந்து கீழாகப் பிளந்தால் இரண்டு துண்டுகளுக்கும் மேல்முகம் வடமுனையாகவே இருக்கும். விளிம்போடு விளிம்பு பொருத்தும்போது வடமுனைக்குப் பக்கத்தில் வடமுனையும் தென்முனைக்குப் பக்கத்தில் தென்முனையும் வருவதால் அவை தள்ளுகின்றன. நீளமான சட்டக் காந்தத்தைக் குறுக்கே உடைத்திருந்தால் கதையே வேறு: உடைந்த இடத்தில் எதிரெதிர் முனைகள் தோன்றி, துண்டுகள் தாமாகவே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். 1269ஆம் ஆண்டில் பெத்ருஸ் பெரெக்ரினுஸ் என்பவர், இத்தாலியில் லூசேரா நகரின் முற்றுகைப் பாசறையிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்திலேயே, காந்தக்கல்லை வெட்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் இரு முனைகள் அமைவதை விளக்கியிருக்கிறார்.

அப்படியானால் உடைவதற்கு முந்தைய நாள் அந்த வளையத்துக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது? அப்போதும் அதன் இரு பாதிகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் இருந்தன. இரும்பு ஆக்சைடையும் ஸ்ட்ரான்சியம் அல்லது பேரியம் சேர்மத்தையும் பொடித்து, அழுத்தி, மட்பாண்டத்தைப் போலச் சூளையில் சுட்டெடுத்த ஃபெரைட் அது. அந்தச் சுட்ட இறுக்கம்தான் அவற்றைப் பிடித்துவைத்திருந்தது. உடைந்ததும் பிடி விட்டது, உள்ளே இருந்த விலக்கம் கைக்குத் தெரிந்தது.

இனி ஆணிக்கு வருகிறேன். இரும்பின் ஒவ்வோர் அணுவும், முக்கியமாக எலக்ட்ரான்களின் தற்சுழற்சியால், ஒரு குட்டிக் காந்தம். அண்டை அணுக்களை ஒரே திசையில் நிற்கவைக்கும் விசை ஒன்று உண்டு. அதற்குக் குவாண்டம் இயற்பியலின் வழியில் 1928இல் விளக்கம் தந்தவர் ஹைசன்பர்க். அந்த விசை மிக வலியது, ஆனால் பக்கத்து அணுவைத் தாண்டி அதற்கு எட்டாது. தொலைவில் உள்ள அணுக்களுக்கிடையே செயல்படுவது, உங்கள் மகளின் கையில் துண்டுகளைத் தள்ளிய அதே சாதாரணக் காந்த விசை. பக்கத்தில் பக்கமாக நிற்பவற்றை எதிரெதிராகத் திரும்பச் சொல்வது அது. இவ்விரண்டுக்கும் இடையிலான சமரசமாகத்தான் இரும்பு தனக்குள் டொமைன் எனப்படும் சிறு வட்டாரங்களாகப் பிரிந்துகொள்கிறது. இரும்புக்குள் இப்படி வட்டாரங்கள் இருக்கும் என்ற கருத்தை 1907இல் முன்வைத்தவர் இயற்பியலாளர் பியர் வைஸ். ஒவ்வொரு வட்டாரமும் முழுக் காந்தம். வட்டாரங்கள் வெவ்வேறு திசைகளைப் பார்த்து நிற்பதால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. அன்று இரவு என் மேசைமேல் ஒரு துண்டு புரண்டு படுத்ததே, அந்தப் புரளல் ஆணிக்குள் ஏற்கெனவே நிகழ்ந்து முடிந்திருக்கிறது. வெறும் ஆணிக்குக் காந்தத்தன்மை இல்லை என்று சொல்வது பிழை. அது தன் காந்தத்தைத் தானே அடக்கி வைத்திருக்கிறது. வெளிக்காந்தம் ஒன்று அருகே வந்தால் அதற்கு இசைவான வட்டாரங்கள் பெருத்து, ஆணியும் காந்தமாகிறது. பிறகு காந்தத்தைக் காந்தம் இழுக்கிறது.

நீங்கள் கேட்ட வகைகள் இதிலிருந்தே வருகின்றன. வட்டாரங்கள் எளிதில் புரண்டால் அது மென்காந்தப் பொருள்: நொடிக்கு 100 முறையோ 120 முறையோ திசை மாற வேண்டிய மின்மாற்றியின் சிலிக்கான் எஃகும், மின்னோட்டம் நின்றதும் பிடியை விட வேண்டிய மின்காந்தத்தின் உள்ளிரும்பும் அப்படிப்பட்டவை. புரள விடாமல் படிக அமைப்பே அவற்றை ஒரு திசையில் பூட்டிவைத்தால் அது நிலைக்காந்தம். 1930களில் உருவான அல்நிகோ என்ற உலோகக்கலவைக்குப் பூட்டு தளர்வு, அதனால்தான் அதை லாட வடிவில் வார்த்து முனைகளுக்குக் குறுக்கே இரும்புத்துண்டு வைத்துப் பாதுகாத்தார்கள். ஃபெரைட்டில் பூட்டு இறுக்கம், ஆகவே அது தட்டையான வளையமாக இருக்க முடிகிறது. 1980களில் வந்த நியோடிமியம், இரும்பு, போரான் கலவையில் பூட்டும் இறுக்கம், காந்தமும் மிக வலிது. ஆனால் அதன் சாதாரண ரகங்கள் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கிவிடும். சமாரியம் கோபால்ட் அதைவிட வெப்பம் தாங்கும். பாரா காந்தம், டயா காந்தம் என்பவற்றைப் பாடநூலிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சிறு நியோடிமியம் காந்தங்களா? இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரு மடிப்புகளுக்கு இருபுறமும் நின்று அவை ஒன்றையொன்று கவ்வி, குடலையே துளைத்துவிடும். அறுவைச் சிகிச்சை வரை போகும். தயவுசெய்து வாங்காதீர்கள்.

உடைந்த வளையமே போதும். முதலில் இரண்டு துண்டுகளின் மேல்முகத்திலும் சுண்ணக்கட்டியால் அவளைக் குறியிடச் சொல்லுங்கள். எந்த முகத்தை எதனோடு வைத்தால் தள்ளுகிறது, எப்படிப் புரட்டினால் ஒட்டுகிறது என்று அவளே வேண்டிய மட்டும் பார்க்கட்டும். பிறகு குறிகள் இரண்டும் மேலே தெரியும்படி பொருத்தி, எப்பாக்சிப் பசை தடவி, நன்றாகக் காயும்வரை மரப் பட்டறைப் பிடியில் இறுக்கி வையுங்கள். நூல் போதாது.