ஆப் அனுப்பும் குவெரியைக் கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி? (கேள்வி பதில்)

டேட்டாபேஸ் நிர்வாகம்தான் எனக்குப் பிழைப்பு. ஆப்களிலிருந்து வரும் குவெரிகளை (தகவல் கேட்டோ மாற்றச் சொல்லியோ டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளைகளை) கண்காணிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் பில்லிங் ஆப் காலை 11 மணிக்கு மேல் இழுக்கிறது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 15. ஒரு செகண்டைத் தாண்டும் குவெரியை லாகில் (சர்வரின் பதிவு ஃபைலில்) எழுதச் சொல்லியிருக்கிறோம். ஒன்றுமே விழவில்லை.

பதில்: விழாது தம்பி. உங்களைப் படுத்துவது மெதுவான குவெரியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எந்தக் குவெரி எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் போடுங்கள். போஸ்ட்கிரெஸின் செட்டிங் ஃபைலில் ஷேர்டு_ப்ரீலோட்_லைப்ரரீஸ் வரியில் அதன் பெயரைச் சேர்த்து சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, கிரியேட் எக்ஸ்டென்ஷன் கட்டளை கொடுங்கள். ரீலோட் (சர்வரை நிறுத்தாமல் செட்டிங்கை மறுபடி படிக்க வைப்பது) மட்டும் செய்துவிட்டு "வேலை செய்யவில்லையே" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

இது குவெரியில் உள்ள மதிப்புகளை எடுத்துவிட்டு, ஒரே அச்சில் வருபவற்றையெல்லாம் ஒரே கணக்கில் சேர்க்கும். சராசரி நேரத்தைப் பார்க்காதீர்கள். மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஓரிடத்தில் நான் அப்படிப் பார்த்தபோது முதலிடத்தில் நின்றது, ஜிஎஸ்டி விகிதத்தைக் கேட்கும் அப்பாவி செலக்ட் குவெரி. ஒரு தடவைக்கு 3 மில்லிசெகண்ட்தான். ஆனால் அன்றைக்கு 4,00,000 தடவை ஓடியிருந்தது. பெருக்கிப் பாருங்கள், 20 நிமிடம்! எல்லோரும் திட்டித் தீர்த்த 8 செகண்ட் ரிப்போர்ட் ஓடியதோ இரண்டே தடவை. பில்லில் உள்ள ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியாக விகிதத்தைக் கேட்டிருக்கிறது ஆப்.

11 மணிக்குக் கணக்கை ரீசெட் செய்துவிட்டு 11.30க்குப் பாருங்கள். உங்கள் ஆள் அதில் சிக்கிவிடுவான்.

கேள்வி: ஐந்து ஆப்கள், ஒரே டேட்டாபேஸ் யூசர். எது அனுப்புகிறது என்று எப்படித் தெரியும்?

பதில்: யூசரைப் பிரிப்பதுதான் முறை. அதற்கு மேலிடம் சம்மதிக்காவிட்டால், கனெக்ஷன் ஸ்டிரிங்கில் (ஆப் டேட்டாபேஸோடு இணையக் கொடுக்கும் வரியில்) அப்ளிகேஷன்_நேம் கொடுங்கள். இப்போது என்ன ஓடுகிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் அந்தப் பெயர் அப்படியே தெரியும். நடுவில் கனெக்ஷன்களைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் இருந்தால் ஐபியை நம்பாதீர்கள். எல்லாமே பவுன்சரின் ஐபியாகத்தான் காட்டும்.

கேள்வி: சார், மைசீக்வல் டேட்டாபேஸில் லாங்_குவெரி_டைமை (எத்தனை செகண்டைத் தாண்டினால் ஸ்லோ லாகில் எழுத வேண்டும் என்ற அளவை) குளோபலாக 0.5 என்று மாற்றினேன். ஸ்லோ லாகும் ஆனில்தான் இருக்கிறது. எதுவும் வரவில்லை.

பதில்: நானும் இதில் ஒரு நாள் முழுக்க முட்டிக்கொண்டவன்தான். குளோபல் மாற்றம் புதிய கனெக்ஷன்களுக்குத்தான் பொருந்தும். உங்கள் ஆப்பின் பூலில் (கனெக்ஷன் தொகுப்பில்) காலையிலிருந்து திறந்தே கிடக்கும் கனெக்ஷன்கள் பழைய மதிப்போடுதான் ஓடும். அது டிஃபால்ட் என்றால் 10 செகண்ட். பூலை ஒரு தடவை புதுப்பியுங்கள். லாக் நிரம்பியதும் பிடி-குவெரி-டைஜஸ்ட் என்ற டூலில் கொடுத்தால் சுருக்கித் தரும்.

கேள்வி: மைசீக்வலில் எல்லாக் குவெரியையும் எழுதும் ஜெனரல் லாகை நிரந்தரமாகத் திறந்து வைக்கலாமா?

பதில்: டெஸ்ட் சர்வரில் தாராளமாக. புரொடக்ஷனில் டிஸ்க் நிறைந்து நள்ளிரவில் போன் வரும்.

கேள்வி: மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் குவெரிகளைப் பார்க்க ப்ரொஃபைலர் டூல் போதுமா?

பதில்: அதை மைக்ரோசாஃப்டே கைவிடப்போவதாகச் சொல்லிவிட்டது. ஓடிக்கொண்டிருப்பதைப் பிடிக்க எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ். நேற்று நடந்ததைப் பார்க்க, 2016 பதிப்பில் வந்த குவெரி ஸ்டோர்.

கேள்வி: டெவலப்பர் நான். சர்வரில் எனக்கு அனுமதி கிடையாது.

பதில்: ஆப் பக்கமே பிடிக்கலாம். ஜாவா என்றால் பி6ஸ்பை: ஆப்பை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவருக்கு முன்னால் உட்கார்ந்து, குவெரியில் மதிப்புகளுக்குப் பதிலாக நிற்கும் கேள்விக்குறிகளின் இடத்தில் உண்மையான மதிப்புகளோடு குவெரியைக் காட்டும். ஜாவாவின் ஹைபர்னேட் லைப்ரரியில் உள்ள ஷோ_எஸ்கியூஎல் வெறும் கேள்விக்குறியோடு நின்றுவிடும். பைத்தானின் ஜாங்கோவில் எழுதிய ஆப்புக்கு டீபக் டூல்பார். ஒரு பக்கம் திறக்க எத்தனை குவெரி போனது என்று ஓரத்திலேயே எண்ணிச் சொல்லும்.

ஒன்று மட்டும்: மதிப்புகளோடு எழுதும் லாகில் வாடிக்கையாளரின் போன் நம்பர், பான் எண் எல்லாம் அப்படியே வந்து உட்காரும். அந்த ஃபைலை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இதைப் பாருங்களேன்" என்று கேட்காதீர்கள். போன மாதம்கூட எனக்கு அப்படி ஒன்று வந்தது.