ஸ்ட்ரீமாகப் படித்தும் நினைவகம் நிரம்புவது ஏன்?

கேள்வி: எங்கள் ஜாவா செயலி, ஸ்கேன் செய்த ஆவணங்களைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ‘பைட்டியா’ (பைட்டுகளை அப்படியே வைக்கும்) வகை நெடுவரிசையில் சேமிக்கிறது. சில கோப்புகள் 250 எம்பி வரை இருக்கின்றன. தரவைச் சிறிது சிறிதாகப் படிக்க உதவும் ‘கெட்பைனரிஸ்ட்ரீம்’ மூலம்தான் படிக்கிறோம். ஆயினும் இருவர் ஒரே நேரத்தில் திறந்தால், 1 ஜிபி ஹீப் (ஜாவா செயலிக்கு ஒதுக்கிய நினைவகம்) போதாமல் செயலி நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பெயரில் ஸ்ட்ரீம் இருந்தாலும், பைட்டியா மதிப்பைப் பொறுத்தவரை ஜாவாவைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவர் முழு மதிப்பையும் முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, அதன் மேல்தான் ஸ்ட்ரீமைத் தருகிறது. அதோடு, போஸ்ட்கிரெஸ் 9.0 பதிப்பிலிருந்து பைட்டியா உரை வடிவில் வரும்போது ஒவ்வொரு பைட்டும் இரண்டு ஹெக்ஸ் (பதினாறடிமான) எழுத்துகளாகிறது. எனவே உங்கள் 250 எம்பி கோப்பு 500 எம்பியாக வந்திறங்கி, மறுபடி 250 எம்பியாக மாற்றப்படும்போது, இரண்டும் சேர்ந்து ஒருவருக்கே 750 எம்பியை விழுங்குகின்றன. ஹீப்பை உயர்த்துவது இதற்குத் தீர்வாகாது. பைட்டியாவின் உச்சவரம்பு 1 ஜிபி என்றாலும், உரை வடிவில் ஏறத்தாழ 500 எம்பியைத் தாண்டியதுமே சர்வர் பிழை காட்டிவிடும்.

சில எம்பி அளவுள்ள கோப்புகளுக்கு பைட்டியாவே போதும். அதை மாற்ற வேண்டாம். உங்கள் பெரிய கோப்புகளுக்கு நான் ‘லார்ஜ் ஆப்ஜெக்ட்’ வசதியைப் பரிந்துரைப்பேன். அதில் தரவு 2 கேபி துண்டுகளாகத் தனி அட்டவணையில் இருக்கும்; உங்கள் அட்டவணையில் அதைச் சுட்டும் ஓஐடி என்ற அடையாள எண் மட்டும் இருக்கும். 9.3 பதிப்பு முதல் இப்படிச் சேமித்த ஒரு பொருள் (ஆப்ஜெக்ட்) 4 டிபி வரை இருக்கலாம். டிரைவரின் லார்ஜ்ஆப்ஜெக்ட்மேனேஜர் மூலம் 64 கேபி அளவிலான பஃபரை (தற்காலிக இடத்தை) வைத்துக்கொண்டு துண்டு துண்டாகப் படித்தால், கோப்பு எவ்வளவு பெரிதானாலும் ஹீப்பில் அந்தப் பஃபர் அளவுக்கே இடம் போகும்.

இதற்கு, ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் தானாகவே கமிட் செய்யும் (அதாவது டிரான்ஸாக்‌ஷன் எனும் செயல்தொகுப்பை உறுதிசெய்து முடிக்கும்) ஆட்டோகமிட்டை அணைத்திருக்க வேண்டும். படித்து முடிக்கும் முன் கமிட் செய்தால் ஸ்ட்ரீம் அறுந்துவிடும். மெதுவான இணைப்பில் ஒருவர் பதிவிறக்கும் நேரம் முழுவதும் டிரான்ஸாக்‌ஷன் திறந்தே இருப்பதும் நல்லதன்று என்பதால், முதலில் தற்காலிகக் கோப்பில் இறக்கிவைத்து, கமிட் செய்தபின் அங்கிருந்து பயனருக்கு அனுப்புங்கள்.

உங்கள் அட்டவணையில் ஒரு வரிசையை நீக்கினால் அதன் ஓஐடி சுட்டும் பொருள் தானாக நீங்காது என்பதைப் பலர் வட்டு நிரம்பிய பிறகே அறிகிறார்கள். போஸ்ட்கிரெஸின் ‘எல்ஓ’ நீட்சியிலுள்ள, தானாக இயங்கும் டிரிகரை அட்டவணையில் பொருத்திவிட்டால் நீக்கும்போதும் மாற்றும்போதும் அது பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே எந்த வரிசையும் சுட்டாமல் அநாதையான பொருள்களை ‘வேக்கம்எல்ஓ’ கருவி துடைக்கும். ஆனால் அது ஓஐடி, எல்ஓ ஆகிய வகைகளிலான நெடுவரிசைகளை மட்டுமே பார்க்கும். ஜாவா தரவை அட்டவணைகளுடன் பொருத்தும் ஹைபர்னேட் நூலகத்தில் சரம் (உரை மதிப்பு) ஒன்றுக்கு, பெரிய தரவு எனக் காட்டும் ‘லாப்’ குறிப்பு இட்டவர்களின் அட்டவணையில் ஓஐடி எண் டெக்ஸ்ட் (உரை) வகை நெடுவரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். அப்படியானால் இக்கருவி உயிருள்ள தரவையே அழித்துவிடும். ஆகவே முதல் முறை ‘-என்’ விருப்பத்துடன் ஓட்டி, எவை நீங்கவிருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.