துருவேறிய வளையக் கவசச் சட்டை: வினிகர் வேண்டாம், மணல் போதும்

வணக்கம். பயிற்சி முடிந்ததும் வியர்வையோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த, சிறு இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்த கவசச் சட்டை இரண்டே வாரங்களில் துருவேறிவிட்டது என்றும், அதை இரவு முழுவதும் வினிகரில் ஊறவைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அமிலம் துருவோடு நிற்காமல் நல்ல இரும்பையும் அரிக்கும். இறுக மூடும் வாளியொன்றில் சட்டையோடு உலர்ந்த மணலைப் போட்டு, அரை மணி நேரம் தரையில் உருட்டுங்கள். இடைக்கால ஐரோப்பாவிலும் பீப்பாயில் இட்டு இப்படித்தான் உருட்டினார்கள் (சத்தத்துக்கு வீட்டார் திட்டுவது தனிக்கதை). வளையங்கள் ஒன்றோடொன்று உரசுவதால், துணியும் தூரிகையும் எட்டாத உள்விளிம்புகளிலும் துரு உதிர்ந்துவிடும். பின்பு மணலை உதறி, எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, காற்றுப் படும்படி வையுங்கள். வியர்வையின் உப்பு அதிகம் தங்கும் அக்குள் பகுதியை மட்டும் விரலால் தடவிப் பார்த்து, மெலிந்துபோன வளையங்களை அடுத்த பயிற்சிக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.