காலையில் பின்பக்கம் படுத்துக் கிடக்கும் வண்டி

கேள்வி: என் காரின் பின்பக்கம் தானாக மட்டம் பார்க்கும் ஏர் சஸ்பென்ஷன். இரவில் சமமாக நிற்கிறது. காலையில் பின்பக்கம் படுத்துவிடுகிறது. ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரசர் இரண்டு மூன்று நிமிடம் இரைந்து தூக்கிவிடுகிறது. கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வண்டியைத் தூக்குகிற கம்ப்ரசருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. பெரும்பாலும் எங்கோ காற்று கசிகிறது, அதை ஈடுகட்ட ஓடி ஓடித்தான் கம்ப்ரசர் தேய்கிறது. கசிவை விட்டுவிட்டுப் புதிது போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

முதலில் அளவெடுங்கள். சமதளத்தில், டிக்கியைக் காலி செய்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை இருபக்கமும் டேப் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சஸ்பென்ஷன் கன்ட்ரோல் யூனிட்டின் ஃபியூஸைக் கழற்றி, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். சில வண்டிகளில் அந்த யூனிட் நடுராத்திரியில் தானே விழித்து, இறங்கிய பக்கத்துக்குச் சமமாக மற்ற பக்கத்தையும் இறக்கிவிடும். கசிவு எந்தப் பக்கம் என்பதே மறைந்துபோகும். ஃபியூஸ் இல்லாமலும் ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் அந்தப் பக்கத்து பலூன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரம்பி வண்டியைத் தாங்கும் ரப்பர் பை) அல்லது அதன் குழாய். இரண்டும் சேர்ந்து இறங்கினால் பலூன்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கைச் சந்தேகியுங்கள். இரண்டு பலூனும் ஒரே லைனில் இருந்தால் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். இறங்கவே இல்லையா? கசிவு இல்லாமல் இருக்கலாம்; உயர சென்சார் தவறாகச் சொல்லி இறக்க வைக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து சோப்புத் தண்ணீர். பலூனின் ரப்பர் (ஏர் பேக் என்றும் சொல்வார்கள், ஸ்டியரிங்கில் இருக்கும் பையல்ல) கீழே மடிந்து உருளும் இடத்தில்தான் முதலில் வெடிப்பு விடும். வண்டி தூக்கி நிற்கும்போது அந்த மடிப்பு கண்ணில் படும்; ஆனால் சில வெடிப்புகள் தாழ்ந்து நிற்கையில்தான் கசியும். இரண்டு உயரத்திலும் தெளித்துப் பாருங்கள். பொடி நுரை மெல்லப் பூத்தாலும் கசிவுதான். வெடித்த ரப்பருக்கு ஒட்டு நிற்காது, மாற்றத்தான் வேண்டும். குழாய் இணைப்பில் நுரைத்தால் முனையை ஒரு சென்டிமீட்டர் கூரிய பிளேடால் நேராக வெட்டி மறுபடி செருகினால் பெரும்பாலும் சரியாகும். கத்தரிக்கோல் வேண்டாம், குழாய் நசுங்கிவிடும். கம்ப்ரசரில் காற்று வெளியேறும் முனையில் ஒரு ட்யூபை மாட்டித் தண்ணீர் டம்ளரில் விடுங்கள். வண்டி சும்மா நிற்கும்போதே குமிழி வந்தால் காற்றை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை.

வண்டிக்குக் கீழே போகுமுன் வண்டியின் உடலை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காற்றையும் ஜாக்கியையும் நம்பி ஒருபோதும் நுழையாதீர்கள். காற்றில்லாத பலூன்மேல் வண்டியின் எடையை இறக்கினால் மடிப்பு கோணலாகிப் புதுப் பலூனே கிழியும்.

கடைசியில் கம்ப்ரசரை மாற்றும்படி ஆனால் ரிலேயையும் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) சேர்த்தே மாற்றுங்கள். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் சாவி எடுத்த பிறகும் மோட்டார் ஓடி பேட்டரியைக் காலி செய்யும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரில் ஈரம் ஏறியிருந்தால் அதன் மணிகள் பொடிந்து வால்வுக்குள் போய் அடைக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பின்பக்கம் எப்போதும் தூக்கலாகவே நிற்கிறது. கசிவு இல்லை.

பதில்: உயர சென்சாரின் இணைப்புக் கம்பியைப் பாருங்கள். அதன் பந்து முனை கழன்றால் யூனிட்டுக்குத் தவறான உயரம் போகும்; வண்டி தாழ்ந்திருப்பதாக அது நினைத்தால் காற்றேற்றிக்கொண்டே இருக்கும். முனையை மாட்டிவிட்டால் போதும். சென்சாரையே மாற்றினால் ஸ்கேனரில் (வண்டியின் யூனிட்டோடு இணைக்கும் கருவி) உயரத்தைப் பதிய வேண்டும். அதை விட்டுவிட்டால் வண்டி சாய்ந்தபடியே இருக்கும்.

கேள்வி: இதையெல்லாம் கழற்றிவிட்டுச் சாதாரண காயில் ஸ்பிரிங் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் சுமை ஏற்றினால் பின்பக்கம் தாழும், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியும். டிரெய்லர் இழுப்பவர் செய்யக் கூடாது.