ஓகேம் (OGame) என்ற இணைய விண்வெளிப் போர் விளையாட்டில் எந்தக் கிரகத்தைத் தாக்குவது என்று எப்படி முடிவு செய்வது?

யார் பலவீனமானவர் என்று தேடாதீங்க. சரக்கு குவிந்திருந்தும் காவல் இல்லாத கிரகம் எது என்று பாருங்க. 7 நாள் லாகின் செய்யாதவர் பெயருக்குப் பக்கத்தில் சின்ன ஆங்கில 'i' விழும். வேட்டையை அங்கே தொடங்கலாம்.

முதலில் உளவுக்கலம். அறிக்கையில் கப்பல், தற்காப்பு விவரம் இரண்டும் இருக்கணும். வளம் மட்டும் தெரிந்தால் கிரகம் காலி என்று அர்த்தமில்லை, நீங்க அனுப்பிய கலம் போதவில்லை. எண்ணிக்கையைக் கூட்டி மறுபடி அனுப்புங்க. புதுசா வர்றவங்க பெரும்பாலும் இங்கேதான் கப்பலைப் பறிகொடுக்கிறாங்க.

அடுத்து கணக்கு. சாதாரணமாக ஒரு தாக்குதலில் இருப்பில் பாதிதான் கிடைக்கும். உலோகம் 2,00,000, படிகம் 1,20,000, டியூட்டீரியம் 80,000 என்றால் கைக்கு வருவது 2,00,000. பெரிய சரக்குக் கப்பலின் அடிப்படைக் கொள்ளளவு 25,000, ஆக 8 கப்பல் போதும். போகவர எரியும் டியூட்டீரியத்தைக் கழிச்சுப் பாருங்க. தூரத்து கேலக்ஸி பல சமயம் கட்டுப்படியாகாது. இரண்டாம் முறை போனால் மிச்சத்தில் பாதி, அவ்வளவுதான்.

தினமும் விளையாடுபவரைத் தாக்கணும்னா நேரம் முக்கியம். ஐரோப்பிய சர்வர் என்றால் நமக்கு வசதி: சிங்கப்பூரில் காலை 9 மணிக்கு ஜெர்மனியில் விடியற்காலை 2 அல்லது 3 மணி. எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தபடியே அனுப்பிடலாம் (இடம் கிடைச்சா!). ஆனால் அவருடைய ஒரு கிரகத்தை 24 மணி நேரத்தில் 6 முறைக்கு மேல் தாக்குவது பொதுவாக விதிமீறல், கணக்கை முடக்கிடுவாங்க.