மருத்துவப் பட்டமளிப்பு விழாவில் அன்புக்குரிய ஆசிரியர்களைச் சிறப்பிக்க எது நல்ல வழி?

பட்டமளிப்பு விழாக் குழுவில் இருக்கும் இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். உறுதிமொழி, மேலங்கி, கேடயம் போன்ற மரபுகளுக்கு இன்னும் பொருள் இருக்கிறதா என்பது ஒன்று. மாணவர்கள் மிகவும் நேசிக்கும் ஆசிரியர்களை எப்படிச் சிறப்பித்தால் அது அவர்கள் மனத்தில் நிற்கும் என்பது மற்றொன்று. நெடுங்காலம் வார்டுகளில் மருத்துவம் கற்பித்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆசிரியரிடம் நீங்கள் எதைக் கற்றீர்கள் என்பதைத் துல்லியமாக, அவர் காதுபட, உங்களுக்குப் பின் படிக்க வருபவர்களின் முன்னிலையில் சொல்லுங்கள். விழாவின் மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் அந்தச் சொற்களுக்கு இடம் அமைத்துக் கொடுப்பதற்காகவே இருக்க வேண்டும்.

இது என் சொந்த விருப்பம் மட்டுமன்று. மரபின் வேரிலேயே இது இருக்கிறது. ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க உறுதிமொழியைப் பலரும் நோயாளிக்குத் தீங்கு செய்யாமை பற்றியதாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் தெய்வங்களைச் சாட்சியாக அழைத்த பிறகு அந்த உறுதிமொழி முதலில் பேசுவது நோயாளியைப் பற்றி அன்று, ஆசிரியரைப் பற்றி. இக்கலையைக் கற்பித்தவரைப் பெற்றோருக்கு இணையாக மதிப்பேன், அவருக்குத் தேவை ஏற்பட்டால் என் பொருளில் பங்கு கொடுப்பேன், அவருடைய பிள்ளைகளை உடன்பிறந்தவர்களாகக் கருதி, அவர்கள் விரும்பினால் கட்டணமோ ஒப்பந்தமோ இன்றிக் கற்பிப்பேன் என்று அதில் வாக்களிக்கப்படுகிறது. கவனித்துப் பாருங்கள்: நன்றி என்பது அங்கே ஓர் உணர்ச்சியாகச் சொல்லப்படவில்லை, கொடுக்க வேண்டிய பொருளாகவும் கற்பிக்க வேண்டிய கடமையாகவும் சொல்லப்படுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலக மருத்துவக் கழகம் 1948இல் ஏற்றுக்கொண்ட, மருத்துவர்களுக்கான உறுதிமொழியான ஜெனீவா பிரகடனத்திலும், ஆசிரியர்களுக்கு உரிய மதிப்பையும் நன்றியையும் அளிப்பேன் என்ற வரி இருந்தது. 2017இல் அதைத் திருத்தியபோது அந்த வரியில் சக மருத்துவர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு இது மிக முக்கியமான மாற்றமாகத் தோன்றுகிறது. அதுவரை மேல்நோக்கி மட்டுமே சென்ற மரியாதை அன்றுமுதல் கீழ்நோக்கியும் செல்கிறது. கற்பிக்கிறவரும் கற்கிறவருக்கு மதிப்பளிக்கக் கடமைப்பட்டவர் என்று எழுத்திலேயே வந்துவிட்டது. உங்கள் விழாவில் எந்த உறுதிமொழியை வாசித்தாலும் ஆசிரியர் பற்றிய அந்த வரி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள். அந்த வரி வரும்போது சற்று நிறுத்தி, பட்டதாரிகள் அனைவரும் ஆசிரியர்கள் அமர்ந்திருக்கும் பக்கம் திரும்பி நின்று அதைச் சொல்லட்டும். செலவில்லாத ஏற்பாடு, ஆனால் அதன்பிறகு அந்த உறுதிமொழியை யாரும் கடமைக்காக ஒப்பித்ததாகச் சொல்ல முடியாது.

மேலங்கி மரபுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். வட அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டம் பெறுபவரின் தோளில் மருத்துவத்துக்குரிய பச்சை நிறம் கொண்ட பட்டத்துணியை ஓர் ஆசிரியர் தம் கையால் அணிவிக்கிறார். மருத்துவராக உள்ள தாயோ தந்தையோ அதை அணிவிக்க இடம் தரும் கல்லூரிகளும் உண்டு. படிப்பின் தொடக்கத்திலேயே வெள்ளை அங்கி அணிவித்து உறுதிமொழி வாங்கும் விழாவை 1993இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர் ஆர்னால்டு கோல்டு என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர். படிப்பு முடியும்போது உறுதிமொழி எடுப்பது காலம் கடந்த செயல் என்பது அவருடைய கருத்து. கற்கத் தொடங்கும் மாணவனைத் தீயின் முன் நிறுத்தி, நடத்தை நெறிகளை ஆசிரியர் எடுத்துச் சொல்லும் முறை பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையிலேயே விரிவாக இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த பொதுத்தன்மை, ஆசிரியரின் கை மாணவரின் தோளைத் தொடுகிறது, அல்லது அவர் குரல் நேராக மாணவரின் காதில் விழுகிறது என்பதுதான். ஆகவே, உங்கள் கல்லூரியில் யாரோ ஒரு சிறப்பு விருந்தினர் வந்து எல்லாருக்கும் அணிவிக்கிறார் என்றால், அந்த இடத்தை உங்களுக்குக் கற்பித்தவர்களுக்குக் கொடுக்கும்படி நிர்வாகத்திடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

இனி, துல்லியமாகச் சொல்வது என்று நான் குறிப்பிட்டதை விளக்க வேண்டும். கனடாவில் பிறந்த புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1892இல் வெளியிட்ட, பல தலைமுறை மருத்துவர்கள் படித்த பாடநூலைத் தம் மூன்று ஆசிரியர்களின் நினைவுக்குப் படைத்தார். வில்லியம் ஆர்தர் ஜான்சன், ஜேம்ஸ் போவெல், ராபர்ட் பால்மர் ஹோவர்டு என்ற அந்த மூவரில் முதலாமவர் மருத்துவரே அல்லர். சிறுவனாக இருந்த ஆஸ்லருக்கு நுண்ணோக்கியில் உயிர்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பாதிரியார். தம்மை உருவாக்கியவர்கள் யார் யார் என்று அவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். பதவியின் வரிசையில் அந்தப் பட்டியலைப் போடவில்லை. அதே ஆஸ்லர், வார்டுகளில் மாணவர்களுக்குக் கற்பித்தேன் என்பதைத் தவிரத் தம் கல்லறையில் வேறெதுவும் எழுத வேண்டியதில்லை என்றும் சொன்னார். மார்பை விரலால் தட்டி நோயறியும் முறையை 1761இல் நூலாக வெளியிட்ட ஆஸ்திரிய மருத்துவர் ஆவன்புருக்கரை அவர் காலத்தில் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1808இல் அந்நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து விரிவுரை எழுதிய பிரெஞ்சு மருத்துவர் கொர்விசார், அதைத் தம்முடைய கண்டுபிடிப்பாகவே காட்டியிருக்க முடியும். அவர் அப்படிச் செய்யாமல், பெருமை ஆவன்புருக்கருக்கே உரியது என்று எழுதினார். யாரிடமிருந்து எது வந்தது என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது நம் தொழிலின் மிக உயர்ந்த மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனவே மேடையில் பேசப்போகும் மாணவரிடம், 'சிறந்த ஆசிரியர், தன்னலமற்றவர், எங்கள் வழிகாட்டி' என்பன போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அவை உண்மையாக இருந்தாலும் யாருக்கும் பொருந்தும். நான் கேட்ட பாராட்டுரைகளில் இன்றும் நினைவில் இருப்பது ஒரு மாணவி தன் பொது மருத்துவப் பேராசிரியை பற்றிச் சொன்னது: 'வயிற்றைப் பரிசோதித்து முடித்ததும் எங்களிடம் திரும்புவதற்கு முன் போர்வையை இழுத்து நோயாளியை மூடிவிட்டுத்தான் அம்மா பேசத் தொடங்குவார்கள். ஒருமுறைகூட அதைச் செய்யும்படி எங்களிடம் சொன்னதில்லை. இப்போது எங்கள் பிரிவில் எல்லாரும் அதைச் செய்கிறோம்.' அந்தப் பேராசிரியை ஆய்வுக் கட்டுரைகளுக்காகப் பல பாராட்டுகளைப் பெற்றவர். தாம் அறியாமலே கற்பித்த ஒன்றை மாணவர்கள் கவனித்திருக்கிறார்கள் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. முன்வரிசையில் இருந்த முதலாண்டு மாணவர்களும் அதைக் கேட்டார்கள். ஒரு பழக்கம் அடுத்த தலைமுறைக்கு அந்த அரங்கிலேயே கைமாறியது.

வாக்கெடுப்பு நடத்திச் 'சிறந்த ஆசிரியர்' விருது கொடுக்கும் மரபில் ஒரு குறை உண்டு. விரிவுரை அரங்கில் அழகாகப் பேசுபவர்களுக்கே வாக்குகள் சேர்ந்துவிடுகின்றன. நள்ளிரவில் இரத்தக் குழாயில் ஊசி ஏற்றக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த முதுநிலைப் பட்ட மாணவர், மருந்தின் அளவு தவறாக எழுதப்பட்டிருப்பதை யார் முன்னிலையிலும் அவமானப்படுத்தாமல் தனியே அழைத்துக் காட்டிய மூத்த செவிலியர், ஆய்வகத்தில் கண்ணாடித் தகட்டைச் சாயமேற்றக் கற்பித்த நுட்பநர் ஆகியோர் வாக்குச்சீட்டிலேயே இருப்பதில்லை. பெயர்ப் பட்டியல் தராமல், 'உங்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தவர் யார், எதைக் கற்றுக்கொடுத்தார்?' என்று ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். வரும் பெயர்கள் நிச்சயம் உங்களை வியக்க வைக்கும்.

மேடைக்கு வர இயலாத ஆசிரியர்களும் இருக்கிறார்கள். உடற்கூறியல் வகுப்புக்குத் தங்கள் உடலைக் கொடுத்தவர்களை நான் அந்த வரிசையில் முதலில் வைப்பேன். தாய்லாந்தில் மாணவர்கள் அவர்களைப் பெரிய ஆசிரியர் என்றே அழைக்கிறார்கள். தைவானின் சு சி மருத்துவக் கல்லூரியில், உடல் தானம் செய்தவரின் குடும்பத்தை மாணவர்கள் நேரில் சந்தித்து அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகே பயிற்சியைத் தொடங்குகிறார்கள். முடிந்ததும் இறுதிச் சடங்கிலும் கலந்துகொள்கிறார்கள். பட்டமளிப்பு நாளில் அந்தக் குடும்பங்களுக்கு இருக்கை ஒதுக்குவது பெரிய காரியம் அன்று. ஆனால் குடும்பத்தினரின் சம்மதம் இல்லாமல் தானம் செய்தவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம்.

ஓய்வுபெற்று உடல்நலம் குன்றிய ஆசிரியர் இருந்தால், விழாவுக்குச் சில நாட்கள் முன்பே இரண்டு மூன்று பேராக அவர் வீட்டுக்குச் சென்று, மேடையில் படிக்கவிருப்பதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். நோயாளி யார் என்று அடையாளம் தெரியும்படியான எந்த விவரமும் உரையில் வரக்கூடாது. ஊர், வயது, நோயின் பெயர் மூன்றும் சேர்ந்தாலே போதும், யாரென்று புரிந்துவிடும். ஓர் ஆசிரியருக்கு மூன்று நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். பேசி முடித்ததும், கையால் எழுதிய அந்தத் தாளைக் கேடயத்தோடு சேர்த்து அவரிடமே கொடுத்துவிடுங்கள்.