மோட்டார் ஹோமுக்கு நீட்டித்த வாரண்டி வாங்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. அமெரிக்காவில் டீலரிடம் 2017 மாடல் மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) பேசியிருக்கிறோம், பஸ் மாதிரி பெரிய கிளாஸ் ஏ வகை, பெட்ரோல் என்ஜின். ஐந்து வருடத்துக்குப் பழுதுச் செலவை ஏற்கும் ஒப்பந்தமான நீட்டித்த வாரண்டி 6,000 டாலராம். கடனோடு சேர்த்துக்கொள்ளலாம், இன்றே கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள்.

பதில்: இன்றைக்குப் போடாதீர்கள். கடனோடு சேர்ப்பது என்றைக்குமே வேண்டாம். 15 வருடக் கடன், 8 சதவீத வட்டி என்று வையுங்கள். அந்த 6,000 டாலருக்கு நீங்கள் கட்டி முடிப்பது சுமார் 10,300. வாரண்டி ஐந்தாம் வருடம் முடிந்துவிடும், தவணை இன்னும் பத்து வருடம் ஓடும். டீலர் சொல்லும் விலையில் அவருடைய லாபமும் அடக்கம், அதனால் தாராளமாகப் பேரம் பேசுங்கள். விளம்பரத் தாள் போதாது. ஒப்பந்தத்தின் முழு மாதிரிப் பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். தர மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள்.

கேள்வி: பிரதி கையில் இருக்கிறது, 30 பக்கம். எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். சில ஒப்பந்தங்கள் எந்தெந்த பாகத்துக்குப் பணம் தருவோம் என்று பட்டியல் போடும். பட்டியலில் இல்லாத சென்சாரோ சர்க்யூட் போர்டோ போனால் செலவு உங்களுடையது. வேறு சில, தராதவற்றை மட்டும் பட்டியல் போட்டு மற்ற எல்லாவற்றையும் ஏற்கும். இரண்டாவது வகைக்கு விலை கூடுதல்தான், ஆனால் மோட்டார் ஹோமுக்கு அதுவே பொருந்தும். என்ஜின், கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், கூரை ஏசி, ஃப்ரிட்ஜ், ஸ்லைடு-அவுட் (நிறுத்தியபின் வெளியே நீட்டி அறையைப் பெரிதாக்கும் பகுதி) மோட்டார், லெவலிங் ஜாக் (வண்டியைச் சமமாக நிறுத்தும் ஜாக்) என்று ஒரே வண்டியில் பல இயந்திரங்கள் இருக்கின்றன. அத்தனையையும் ஒரு பட்டியலில் அடக்குவது கடினம்.

அடுத்து, ஒரு மணி நேர வேலைக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்ற உச்சவரம்பு. பலர் ஏமாறுவது இங்கேதான். ஒப்பந்தம் 125 டாலர் தருகிறது, பட்டறை 185 கேட்கிறது, வேலை பத்து மணி நேரம் என்றால் 600 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். டிடக்டிபிள், அதாவது பழுது பார்க்கும்போது உங்கள் பங்காகக் கட்டும் தொகை, தனி. அந்த டிடக்டிபிள் பட்டறைக்கு ஒரு முறை போவதற்கா, பழுதான ஒவ்வொரு பாகத்துக்குமா என்றும் பாருங்கள். டிடக்டிபிள் 200 டாலர் என்று வையுங்கள், ஒரே முறையில் மூன்று பழுது பார்த்தால் நீங்கள் கட்டுவது 200 டாலரா 600 டாலரா என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.

தேய்மானத்தால் பழுதானால் உண்டா, ஒரு பாகம் உடைந்து இன்னொன்றைக் கெடுத்தால் இரண்டுக்கும் உண்டா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியாக, பணம் தரும் பொறுப்பு யாருடையது? விற்பவர் வேறு, கிளெய்ம்களை நிர்வகிப்பவர் வேறு, பின்னால் நிற்கும் காப்பீட்டு நிறுவனம் வேறு. அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் ஒப்பந்தத்திலேயே இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: புது வண்டிக்கு?

பதில்: அவசரமில்லை. கிளாஸ் ஏ பெட்ரோல் வண்டிகள் பலவற்றுக்கு அடியில் இருக்கும் ஃபோர்டு எஃப்-53 சேஸிஸுக்கு (என்ஜினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) என்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டி 5 வருடம் அல்லது 60,000 மைல். வின்னபேகோ வண்டியின் வீட்டுப் பகுதிக்கு அடிப்படை வாரண்டி 12 மாதம் அல்லது 15,000 மைல்தான். முதலில் முடிவது வீட்டுப் பகுதி. அது முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு இரண்டு மூன்று இடத்தில் நீட்டித்த வாரண்டிக்கு விலை கேளுங்கள்.

கேள்வி: கூரை ஒழுகி உள்சுவர் உப்பிவிட்டது. கிளெய்ம் கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. இந்த வண்டிகளை அழிப்பது தண்ணீர்தான், ஆனால் ஒழுகல், அழுகல், சுவர் பிரிதல் எல்லாம் பெரும்பாலான ஒப்பந்தங்களில் விலக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூரையில் ஏறி ஏசி, வென்ட், ஓர மடிப்புகளைச் சுற்றியுள்ள சீலன்ட்டைப் பாருங்கள். வெடித்த இடத்தில் புதிதாகப் பூசுங்கள். ரப்பர் கூரைக்குப் பெட்ரோலியம் கலந்த பொருள் ஆகாது. டயர், பேட்டரி, பிரேக் பேடும் விலக்குதான்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. பட்டறையில் மாற்றிவிட்டு பில் அனுப்பலாமா அண்ணா?

பதில்: அனுப்பினால் மறுத்துவிடுவார்கள் தம்பி. எதையும் கழற்றும் முன் பட்டறைக்காரர் நிர்வாக நிறுவனத்தை அழைத்து, பழுதின் காரணம், பாகத்தின் விலை, வேலை நேரம் சொல்லி அனுமதி எண் வாங்க வேண்டும். ஆய்வாளர் வரக்கூடும், பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எரிவாயுவில் ஓடும் ஃப்ரிட்ஜ் என்றால் காரணம் மிக முக்கியம். வண்டியைச் சாய்வாக நிறுத்தி ஃப்ரிட்ஜை ஓடவிட்டால் அம்மோனியாக் கரைசலின் ஓட்டம் நின்று குழாய் சூடேறி அடைத்துக்கொள்ளும். அதைத் தவறான பயன்பாடு என்று தள்ளிவிட வாய்ப்புண்டு. ஆயில், ஃபில்டர் மாற்றிய ரசீதுகளையும் தேதி, மைலோடு கோத்து வையுங்கள்.

கேள்வி: வாங்காமல் அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்தால்?

பதில்: ஸ்லைடு-அவுட் இல்லாத சிறிய கிளாஸ் பி (வேன் அளவு) அல்லது சி (பெரும்பாலும் கிளாஸ் ஏ-வை விடச் சிறியது), கைவேலை தெரிந்தவர், அவசரத்துக்கு ஐயாயிரம் டாலர் புரட்ட முடியும் என்றால் சேர்த்து வைப்பதே நல்லது. பின்பக்க டீசல் என்ஜின், நான்கு ஸ்லைடு-அவுட், ஹைட்ரானிக் ஹீட்டர் (சூடான திரவத்தைச் சுற்றவிட்டு வண்டியைச் சூடாக்குவது) உள்ள வண்டி என்றால் ஒரே பழுது ஐந்து இலக்கத்தைத் தொடலாம். அதற்கு நான் வாங்கச் சொல்வேன். எதுவானாலும் வாங்கும் முன் தனி ஆய்வாளரை வைத்து வண்டியைச் சோதியுங்கள். ஏற்கெனவே இருந்த பழுதுக்கு எந்த ஒப்பந்தமும் தராது.

கேள்வி: இடையில் வண்டியை விற்றால்?

பதில்: பல ஒப்பந்தங்களை நேரடியாக வாங்குபவரின் பெயருக்கு ஒருமுறை மாற்றலாம், டீலரிடம் விற்றால் முடியாது. ரத்து செய்தால் மீதிக் காலத்துக்கான தொகை கட்டணம் கழித்துத் திரும்பும். இன்னொன்று, வண்டியை வாடகைக்கு விட்டால் ஒப்பந்தமே செல்லாமல் போகலாம். விலக்குப் பக்கத்தில் அந்த வரியைத் தேடுங்கள்.